ஸ்கூட்டர் விலையில் ஒரு பேய்

புத்தகத்தை நடுப்பக்கத்தில் பிரித்து, மூக்கை அதற்குள் நுழைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் நன்றாக மூச்சை இழுத்தார். பிறகு நிமிர்ந்து கடைக்காரரைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையின் வெயிலில் கடைக்காரருக்கு ஏற்கெனவே வேர்த்துக்கொண்டிருந்தது.

"டீத்தண்ணியில குளிப்பாட்டி எத்தனை நாள் ஆச்சு?"

"என்னம்மா இப்படிக் கேக்குறீங்க? ஒரிஜினல்மா. அம்பது வருஷத்துப் பழசு."

"ஓரம் மட்டும் பழுத்திருந்தா வயசு. மூலை முடுக்கெல்லாம் ஒரே மாதிரி பழுத்திருந்தா டீ. அதுலயும் சர்க்கரை போட்ட டீ. எறும்பு வரும், பாத்து வைங்க."

புத்தகத்தை எடுத்த இடத்திலேயே, எடுத்த மாதிரியே வைத்தார். குரலில் கோபம் இல்லை. "வீட்டம்மாவ ஒருநாள் நம்ம கடைக்கு அனுப்புங்க, நல்லா முடி வெட்டி விடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு நகர்ந்தார். நாலு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது. "பேயக்கா! உள்ள வேற ஒரு கட்டு இருக்கு, வந்து பாருங்க."

அந்தக் கட்டில் டீ வாசனை இல்லை. அவருக்குத் தெரியும், இருக்காது என்று.

பேயக்கா என்பது சந்தை வைத்த பெயர். அவருக்கு அதில் வருத்தம் இல்லை, கொஞ்சம் பெருமைதான். ஐம்பதைத் தாண்டியவர். நடை வேகம், பேச்சு அதைவிட வேகம். மூன்று நாற்காலி போட்ட ஒரு பியூட்டி பார்லரின் சொந்தக்காரர். ஊரார் நகங்களுக்கெல்லாம் வண்ணம் பூசுகிறவர் தன் நகங்களை மட்டும் ஒட்ட வெட்டி வைத்திருப்பார். நீள நகம் பழைய தாளைக் கீறிவிடும் என்பதுதான் காரணம். கைக்கு எந்தக் களிம்பும் பூசுவதில்லை. தாளில் எண்ணெய் ஒட்டிவிடுமாம்.

அவர் சேர்ப்பது பழைய திகில் காமிக்ஸ். மட்டத் தாளில், மை ஒட்டும் அச்சில், மாதம் ஒன்றாக வந்து, படித்ததும் கிழித்துப் பொட்டலம் மடிக்கப்பட்ட புத்தகங்கள். பொட்டலமாகாமல் தப்பித்தவைதான் இன்றைக்குச் சந்தையில் இந்தப் பாடு படுகின்றன. அவற்றில் 'கருங்கதவு' என்றொரு மாத இதழ் அவருக்கு உயிர். சில வருடங்களே வந்து நின்றுபோன இதழ். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு கறுப்புக் கதவு பாதி திறந்திருக்கும். உள்ளே இருப்பது மாதத்துக்கு மாதம் மாறும்.

பார்லரில் காத்திருக்கும் பெஞ்சில் சினிமாப் பத்திரிகை கிடையாது. இரண்டு பிரதி கையிலிருக்கும் காமிக்ஸ்களில் மட்டமானதைக் கொண்டுவந்து போட்டிருப்பார். தலையில் சாயம் ஊறிக்கொண்டிருக்க, கழுத்தில் துண்டோடு, நாலு பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ரத்தக் காட்டேரி படித்துக்கொண்டிருக்கும் காட்சியை வேறெங்கும் நான் பார்த்ததில்லை. "பயந்தா முகத்துக்கு ரத்த ஓட்டம் வரும். ஃபேசியலுக்கு முன்னாடி அது நல்லது" என்பார். அது உண்மையா என்று கேட்டேன். "யாரு கண்டா? ஆனா ஒருத்தரும் முகம் வெளுத்துப்போய் வெளிய போனதில்ல."

ஏன் இந்தப் பேய்ப் பித்து என்று எல்லாரும் கேட்பதை, அங்கே முடி வெட்டிக்கொள்கிற நானும் ஒருநாள் கேட்டேன். கத்தரிக்கோல் நிற்காமல் பதில் வந்தது. "காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் எல்லாரையும் அழகாக்கிட்டே இருந்தா எனக்கு அலுக்காதா? வீட்டுக்குப் போனா கொஞ்சம் அசிங்கம் வேணும்."

வீட்டில் அந்த அசிங்கத்துக்கு ஓர் இரும்பு அலமாரி முழுதாக ஒதுக்கப்பட்டிருக்கிறது. கணவர் வங்கியில் காசாளர், அதிர்ந்து பேசாத மனிதர். அவருடைய சட்டைகள் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகின்றன. "பேய்க்கு அலமாரி, எனக்கு ஆணி. பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தானே ஆகணும்?" என்று என்னிடம் சொன்னார். சொல்லும்போது மனைவி காதில் விழும்படிதான் சொன்னார். உள்ளேயிருந்து பதில் உடனே வந்தது. "ஏறினவர் இறங்கலையே இன்னும்!"

காசாளரோடு குடும்பம் நடத்தியதில்தான் பேயக்காவின் விலைப் பாஷை பிறந்திருக்கிறது. முதன்முதலாகப் பெரிய விலைக்கு ஒரு புத்தகம் வாங்கிய அன்று, தொகையைச் சொல்ல வாய் வராமல், "வாஷிங் மெஷின் அடுத்த வருஷம் வாங்கிக்கலாங்க" என்று சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவர் பணத்தில் விலை சொல்வதே இல்லை. இது மிக்ஸி புத்தகம். அது கிரைண்டர் புத்தகம். இன்னொன்று டிவி, ஆனா பழைய டப்பா டிவி. சேகரிப்பாளர்கள் பேசிக்கொள்ளும் போன் குழுவிலும் இந்தப் பாஷை பரவிவிட்டது. யாராவது ஒரு படம் போட்டு, "பேயக்கா, என்ன போகும்?" என்று கேட்டால், "இஸ்திரிப் பெட்டிக்கு மேல குடுக்காதீங்க" என்று பதில் வரும். அதற்கப்புறம் அந்தப் புத்தகம் இஸ்திரிப் பெட்டிக்கு மேல் விற்காது.

இந்தச் சந்தையில் ஸ்கூட்டர் விலைக்கு ஒரே ஒரு புத்தகம்தான் உண்டு. கருங்கதவின் 'ஐந்து விரல்' இதழ். அட்டைப் படத்தைப் பார்த்துப் பயந்து கடைக்காரர்கள் அதைத் தொங்கவிட மறுத்தார்களாம். பதிப்பகத்தார் கட்டுக்கட்டாகத் திருப்பி எடுத்துக் கூழாக்கிவிட்டார்கள் என்று சொல்வார்கள். தப்பித்த பிரதி ஒன்று பழைய பேப்பர் கடைக்காரர் ஒருவரிடம் வந்தது. அவர் பேயக்காவுக்குப் போன் போட்டு, "உங்களுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன், சாயங்காலம் வாங்க" என்றார். பேயக்கா சாயங்காலம் போனபோது கடைக்காரர் விழித்தார். "என்னக்கா, உடம்பு சரியில்லைன்னு நீங்கதானே அந்த சாரை அனுப்பினீங்க?"

அந்த சார், குழுவில் 'பூட்டு' என்று அழைக்கப்படுகிறவர். மருந்து மொத்த வியாபாரி. அறுபது வயது இருக்கும். வாங்கிய புத்தகத்தை ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, சுற்றிலும் ஒட்டி, அலமாரியில் அடுக்கிப் பூட்டிவிடுவார். விற்கமாட்டார், காட்டமாட்டார், படிக்கவும் மாட்டார். "திறந்தா புத்தகத்தோட முதுகு விட்டுரும்" என்பது அவர் கட்சி. பேயக்காவுக்கு எதிர்க்கட்சி. "படிக்காத புத்தகமும் பேசாத புருஷனும் ஒண்ணுதான். இருக்குன்னு பேரு" என்பார். ஐந்து விரல் கைமாறிய அன்று குழுவில் ஒரே ஒரு வரி போட்டார்: "பூட்டு சாருக்கு வாழ்த்துகள். எனக்கு உடம்பு இப்போ தேவலை." அதோடு சரி. ஆனால் அதற்குப் பிறகு பூட்டு எதற்கெல்லாம் ஆசைப்பட்டாரோ, அதெல்லாம் அவருக்கு முன்னாலேயே பேயக்கா கைக்குப் போய்ச் சேர ஆரம்பித்தது. இரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது. சந்தையில் எதிரெதிரே வந்தால், "வாங்க மேடம்", "வாங்க சார்" என்று பல் தெரியச் சிரித்துக்கொள்வார்கள்.

அந்த வியாழக்கிழமைக் காலை நான் பார்லர் நாற்காலியில் இருந்தேன். என் தலையில் வலப்பக்கம் காதுவரை வெட்டியாகிவிட்டது, இடப்பக்கம் இன்னும் தோளில் புரண்டது. பேயக்காவின் போன் அடித்தது. எடுத்து, "சொல்லுங்க சார்" என்றார். கேட்கக் கேட்கக் கத்தரிக்கோல் நின்றது. பேச்சுக்கு நடுவே அது நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"எதையும் தொடாதீங்க. ஃபேன் போடாதீங்க. ஒட்டியிருக்கிற பக்கத்தைப் பிரிக்கவே பிரிக்காதீங்க. வரேன்."

பூட்டின் வீட்டு மொட்டைமாடித் தொட்டியில் குழாய் விட்டுப்போயிருக்கிறது. ராத்திரி முழுக்கத் தண்ணீர் சுவர் வழியாக இறங்கி, கீழே புத்தக அறைக்குள் புகுந்திருக்கிறது. மனிதருக்கு அழைக்கத் தோன்றிய ஒரே எண் பேயக்காவுடையது.

அவர் கடைப் பலகையைத் திருப்பி மாட்டினார். கூட வேலை செய்யும் இரண்டு பெண்களையும் கூப்பிட்டார். இருந்த ஹேர் டிரையர்கள் அத்தனையும், துவைத்து மடித்த துண்டுகள், காலில் மெழுகு போட்டு முடி எடுக்கும் துணிப் பட்டைச் சுருள்கள், புருவம் பிடுங்கும் இடுக்கிகள், முடி கிளிப் ஒரு டப்பா, எல்லாம் பைக்குள் போயின. என்னைப் பார்த்தார். "நீங்களும் வாங்க. இந்தத் தலையோட தனியா வெளிய போனா ஜனங்க பயப்படுவாங்க."

காரில் போகும்போதே போன் விடாமல் அடித்தது. செய்தி குழுவுக்குள் பரவிவிட்டது. குழுவில் 'கமிஷன்' என்று பெயரெடுத்த ஒரு தரகர் பேசினார். ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எங்களுக்கும் கேட்டது.

"பேயக்கா, உங்களுக்கு எதுக்கு இந்த வேலை? அங்க ஒண்ணு ஊறிப்போனா இங்க உங்களோடது ஒண்ணு விலை ஏறுது. சில புத்தகம் நாட்டுலயே உங்ககிட்ட மட்டும்தான் இருக்கும். பேசாம வீட்டுக்குப் போய்க் காலை நீட்டி உக்காருங்க."

"அந்தக் கணக்கு எனக்கும் தெரியும்பா."

"அப்புறம் என்ன? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையால்ல இருக்கு!"

"ஓநாய்தான். இல்லைன்னு யாரு சொன்னா? ஆனா ஆடே இல்லாத காட்டுல ஓநாய்க்கு என்னய்யா வேலை?" போனை வைத்துவிட்டு ஓட்டுநரிடம், "கொஞ்சம் சீக்கிரம் போங்க தம்பி" என்றார்.

பூட்டின் வீட்டில் அவர் மனைவி வாளியும் துடைப்பமுமாக நின்றிருந்தார். "எங்க கல்யாண ஆல்பம் கறையான் அரிச்சப்போ இவர் ஒரு உச்சுக் கொட்டல. இப்பப் பாருங்க" என்று மாடிப்படியைக் காட்டினார். பூட்டு படியில், நனைந்த வேட்டியோடு, முழங்காலில் கைகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேயக்காவைப் பார்த்ததும் எழுந்தார். ஏதோ சொல்ல வந்தார்.

"அப்புறம் பேசலாம் சார். கத்தி எடுத்துட்டு வாங்க."

அறைக்குள் போனோம். காற்றுகூடப் புகாது என்று நம்பி ஒட்டிய பெட்டிகளின் ஒட்டு தண்ணீரில் இளகி, உள்ளே புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல் நின்றிருந்தது. வரிசையாக மீன் தொட்டிகள் மாதிரி. ஒவ்வொன்றிலும் மீனுக்குப் பதில் ஒரு பேய் மிதந்துகொண்டிருந்தது.

பேயக்கா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். எல்லாவற்றையும் ஒரேநாளில் உலர்த்த முடியாது, அதற்குள் பூஞ்சை பிடித்துவிடும் என்று தெரிந்தது. தெருமுனை ஐஸ்கிரீம் கடைக்குப் போய், அவர்களுடைய பெரிய குளிர்பெட்டியில் இடம் கேட்டார். உறைந்து கிடந்தால் பூஞ்சை வராது, வாரம் கழித்துக்கூட ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தலாம் என்று விளக்கினார். கடைக்காரர் பாலிதீன் உறையில் சுற்றியிருந்த முதல் புத்தகத்தின் அட்டையைப் பார்த்துவிட்டுத் தயங்கினார்.

"என்னம்மா இது, மண்டையோடு?"

"ஐஸ்கிரீம் கேக்காதுங்க, பயப்படாதீங்க. ஓரமா படுத்துக்கும்."

சிரித்துவிட்டார் கடைக்காரர். மண்டையோடுகளும் காட்டேரிகளும் வெனிலாவுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டன.

மெல்லிய புத்தகங்கள் மட்டும் அறையிலேயே உலர்ந்தன. தரையெல்லாம் துண்டு விரித்து, கொடியெல்லாம் கிளிப் மாட்டி, டிரையர்களைக் கையில் பிடித்து நின்ற பெண்களிடம் பேயக்கா சொன்னார்: "சூடு வேணாம். குளிர்காத்து, தள்ளிப் பிடிங்க. முடின்னே நினைச்சுக்கோங்க. கண்டதைப் பூசிக் கெட்டுப்போன முடி." அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. துரு இறங்கிப் பக்கத்தைக் கறையாக்குவதற்கு முன்னால் நடுவில் குத்தியிருக்கும் இரும்புப் பின்களை எடுக்க வேண்டும். புருவத்தில் ஒற்றை முடியைப் பிடுங்கும் அதே கையால், அதே இடுக்கியால், ஒவ்வொரு பின்னையும் நிமிர்த்தி உருவினார். தாள் கிழிந்த சத்தம் ஒருமுறைகூடக் கேட்கவில்லை.

கடைசியாகப் பூட்டு ஒரு பெட்டியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தார். ஐந்து விரல். பெட்டியைச் சாய்த்தபோது தண்ணீர் கலங்கலாகக் கொட்டியது.

எல்லாரும் சுற்றி நின்றோம். பேயக்கா புத்தகத்தைத் துண்டின் மேல் கிடத்தி, பின்னை எடுத்து, தானாகப் பிரிய இசைந்த பக்கங்களுக்கு நடுவே துணிப் பட்டையை நுழைத்துக்கொண்டே போனார். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவர் கைநழுவிய புத்தகம் கைக்குக் கீழே திறந்து கிடந்தது. ஆனால் அவர் பார்வை பக்கத்தின் ஓரத்தை விட்டு உள்ளே போகவில்லை. குனிந்து கிசுகிசுப்பாகக் கேட்டேன், ஒரு படமாவது பார்க்கக்கூடாதா என்று.

"அடுத்தவங்க புத்தகம். ஓசியில பாத்துட்டா, நாளைக்கு விலை பேச வாய் வராது."

மாலை வரை நின்றோம். என் மீதித் தலையை அவர் அன்றைக்குப் பூட்டின் வீட்டுக் கூடத்திலேயே வெட்டிமுடித்தார். இரண்டு பக்கமும் சமமாகத்தான் இருந்தது.

குளிர்பெட்டிப் புத்தகங்கள் வாரக்கணக்கில் ஒவ்வொன்றாக வெளியே வந்து உலர்ந்தன. ஏழெட்டுப் போய்விட்டன. மற்றவை அலைஅலையாக நெளிந்தபடி பிழைத்துக்கொண்டன. அதன் பிறகு ஒருநாள் மதியம், வாடிக்கையாளர் யாரும் இல்லாத நேரத்தில், பூட்டு பார்லருக்குள் நுழைந்தார். வாழ்நாளில் முதல்முறையாக அப்படி ஓர் இடத்துக்குள் வருகிறவர் என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. கையில் ஓர் உறை. நான் பெஞ்சில் இருந்தேன். அன்றைய அலைச்சலுக்குப் பிறகு நானும் அந்தக் கடையில் பாதி ஆள் மாதிரி ஆகிவிட்டேன்.

"இதை நீங்க வச்சுக்கணும் தங்கச்சி" என்று உறையை நீட்டினார். "அன்னிக்கு அந்தக் கடைக்காரர்கிட்ட நான் சொன்ன பொய்யும் மனசுல இருக்கு. காசெல்லாம் வேணாம்."

பேயக்கா உறையை வாங்கி, ஐந்து விரலை வெளியே எடுத்து, மேசையில் வைத்தார்.

"உக்காருங்க சார். வியாபாரத்துல தங்கச்சி, அண்ணன் எல்லாம் வேணாம். பொய் சொல்லித்தான் வாங்கினீங்க. ஆனா காசு குடுத்துத்தானே வாங்கினீங்க? நானும் காசு குடுத்துத்தான் வாங்குவேன். சும்மா வந்த புத்தகத்தை எந்த மூஞ்சியோட குழுவுல போடறது?" புத்தகத்தைப் புரட்டாமல் விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தார். "பக்கம் நெளிஞ்சிருக்கு. பின் இருந்த இடத்துல துரு. பின்னட்டைச் சிவப்பு இறங்கி மூலைக்கு வந்திருக்கு. ஒரு மிக்ஸி தரேன்."

பூட்டு நிமிர்ந்தார். "மிக்ஸியா?"

"மூணு ஜார் வச்ச மிக்ஸி."

"என்ன மேடம் பேசறீங்க! ஐந்து விரலுங்க இது! முன்னட்டையில ஒரு கீறல் காட்டுங்க பாப்போம்! நாலு மூலையும் கூரா இருக்கு!" சும்மா கொடுக்க வந்த மனிதர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இத மிக்ஸின்னு சொன்னா நாளைக்கு அந்த கமிஷன் பய என்ன நினைப்பான்?"

"நனைஞ்ச ஸ்கூட்டர் ஓடுமா சார்?"

"காய்ஞ்சா ஓடும்! நீங்கதானே காய வச்சீங்க! உங்க கை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?"

அந்த இடத்தில் பேயக்கா ஒரு கணம் மாட்டிக்கொண்டார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். கிரைண்டர் என்றார். பூட்டு ஸ்கூட்டர்தான் என்றார். பழைய டப்பா டிவி என்று பேயக்கா இறங்கி வர, ஃபிரிட்ஜுக்குக் குறைந்து புத்தகம் இந்த இடத்தை விட்டு நகராது என்று பூட்டு மேசையில் தட்ட, உள்ளே வேலை செய்துகொண்டிருந்த பெண்கள் இருவரும் திரையை விலக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜில் முடிந்தது. பூட்டின் முகத்தில் பல வாரங்களுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

பணம் கைமாறிய பிறகுதான் பேயக்கா கையைக் கழுவினார், துடைத்தார், காயும்வரை ஊதினார். சுழல் நாற்காலியில் வாகாகச் சாய்ந்து உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தார்.

"சார், நீங்க இதப் படிச்சிருக்கீங்களா?"

"இல்ல" என்றார் பூட்டு. கொஞ்சம் வெட்கத்தோடு எழுந்துபோய், அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

நானும் எழுந்து எட்டிப்பார்த்தேன். ஒரு தையல்காரி தனியாக உட்கார்ந்து தைக்கிறாள். நூற்கண்டு கைதவறி உருண்டு, அவள் நாற்காலிக்கு அடியில் போகிறது. அடுத்த கட்டத்தில் அது தானாகவே வெளியே உருண்டு வருகிறது. அதற்கும் அடுத்த கட்டத்தில், நாற்காலிக் காலுக்குப் பின்னாலிருந்து, முதலில் ஒரே ஒரு விரல்.

"திருப்பாதீங்க, நான் இன்னும் முடிக்கல" என்றார் பூட்டு, அடிக்குரலில்.

பேயக்கா கண்ணைப் பக்கத்திலிருந்து எடுக்காமல், செருப்புகளைத் தரையிலேயே விட்டுவிட்டு, இரண்டு கால்களையும் மெல்ல மேலே தூக்கி, நாற்காலிக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.